கடலைப் பார்த்த அறைக்குப் பதினாறாயிரம் கொடுக்கலாமா?

இருபத்திரண்டு வருடமாக நட்சத்திர ஓட்டல்களுக்குப் போய்வருகிறேன், பின்வாசல் வழியாக. வடசென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, வண்டியில் ஏற்றி, காலை எட்டு மணிக்குள் ஓட்டல் சமையலறையில் மீன் இறக்குவது என் தொழில். செக்யூரிட்டி கேட் பாஸ் எழுதுவார். ஸ்டோர் கீப்பர் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், ஐஸைத் தட்டிவிட்டு எடை போடுவார். நான் பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். முன்பக்கம் எப்படி இருக்கும் என்று பார்த்ததே இல்லை.

நாலு வருடத்துக்கு முன்பு எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் வந்தது. மகள் சிறுசேரியில் வேலை பார்க்கிறாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) ஒரு கடலோர ஓட்டலில் எங்கள் இருவருக்கும் ரூம் போட்டுக் கொடுத்தாள். வாடகை 14,000. வரி சேர்த்து 16,520.

"கடலைப் பாக்கவா இவ்ளோ காசு? தெரு முனைக்குப் போய் நின்னா தெரியப் போவுது" என்றாள் என் வீட்டம்மா.

நியாயமான கேள்விதான். நாங்கள் பிறந்து வளர்ந்ததே கடல் சத்தத்தில். ஆனால் பெண் ஆசையாகச் செய்ததை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? போனோம். பால்கனிக் கதவைத் தள்ளினால் பாதியில் நின்றுகொண்டது, அடியில் இருக்கும் சக்கரம் துருப்பிடித்துவிட்டது. இருந்த இடுக்கில் ஒருக்களித்து வெளியே போய்ப் பார்த்தால் தென்னை மரம், அதற்குக் கீழே புல்வெளி, புல்வெளியில் கல்யாண வரவேற்புக்கு மேடை. கடலும் தெரிந்தது, இரண்டு தென்னைக்கு நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் டிஜே. "காசிமேட்டுல ஏலத்துல கூட இவ்ளோ சத்தம் இல்ல" என்று தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டாள்.

தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் எனக்கு ஒரு கணக்கு பிடிபட்டது. கடல் ஓட்டல்காரர் கொள்முதல் செய்த சரக்கு கிடையாது. மணலும் காற்றும் அவர் காசு போட்டு வாங்கியவை கிடையாது. அவர் விற்பதெல்லாம் கடலுக்கும் நமக்கும் நடுவில் இருப்பதைத்தான். அந்தக் கதவு, பால்கனி, நிழல், அமைதி, மணலில் இறங்கும் வழி, பசிக்கும்போது தட்டில் வருவது. விலை தகுமா என்றால் இதைத்தான் தட்டிப் பார்க்க வேண்டும்.

அதற்கப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை என்று பல இடம் போய்விட்டோம். சிலதில் ஏமாந்தோம், ஒரு இடத்துக்கு மட்டும் மூன்று தடவை போயிருக்கிறோம். இப்போது சொந்தத்தில் யார் கடலோர ஓட்டலுக்குப் போனாலும் எனக்குத்தான் போன் வருகிறது. "அண்ணே, இவ்ளோ கேக்கறான், தகுமா?" அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

மணிக்கணக்கு

ஓட்டல்காரர் "ஒரு நாள்" என்று சொல்வது 24 மணி நேரம் இல்லை. மதியம் மூன்று மணிக்கு உள்ளே விட்டு மறுநாள் பதினோரு மணிக்கு வெளியே அனுப்பினால் 20 மணி நேரம். 16,520ஐ 20ஆல் வகுத்தால் மணிக்கு 826 ரூபாய். எங்கள் கணக்கில் சொன்னால் தூங்கும் நேரம் உட்பட மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வஞ்சிரம். இரண்டு மணிக்கு விட்டு பன்னிரண்டு மணிக்கு அனுப்பும் ஓட்டல் அதே வாடகைக்கு உங்களுக்கு இரண்டு மணி நேரம் கூடத் தருகிறது. சீக்கிரம் வந்தால் ரூம் கிடைக்குமா, லேட்டாகக் கிளம்பலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். வாரநாளில் காலியாக இருந்தால் பெரும்பாலும் சரி என்பார்கள். அதை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை ரிசப்ஷனில் அடுத்த ஷிப்டு ஆள் ஒத்துக்கொள்ள மாட்டார்.

வரியில் ஒரு படிக்கட்டு இருக்கிறது, பலர் அதில் இடறுகிறார்கள். 2025 செப்டம்பர் 22இல் இருந்து நாள் வாடகை 7,500 வரைக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் போனால் மொத்தத் தொகைக்கும் 18. ஆக 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770. 7,600 ரூபாய் அறை 8,968. வாடகையில் 200 ரூபாய்தான் வித்தியாசம், கையில் இருந்து போவதில் 1,198. எட்டாயிரத்தை ஒட்டி வாடகை சொல்லும் இடங்களில் 7,500க்குள் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இறங்கி வருகிற இடமும் உண்டு.

சாப்பாட்டு பில்லிலும் இதே கதைதான். வெளியே உணவகத்தில் 5 சதவீதம். இந்த மாதிரிப் பெரிய வாடகை வாங்கும் ஓட்டலின் உணவகத்தில் பொதுவாக 18. அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் என்று 5, 10 சதவீதம் போட்டிருந்தால் அதை எடுக்கச் சொல்லலாம். தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. முரண்டு பிடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்யலாம். நான் ஒரு தடவை 1915 என்று சொன்னதுமே பில் திருந்தி வந்தது. ஆனால் தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல் போட்டால் சண்டை பிடிக்காதீர்கள், வாங்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. போகும் வழியில் ஒரு கேன் வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

காலைச் சாப்பாடு சேர்த்த வாடகைக்கும் சேர்க்காத வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு 750 வந்தால் பஃபேவில் நின்று நிதானமாகச் சாப்பிடுகிறவருக்குத் தகும். என் வீட்டம்மா இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவாள். எங்களுக்குத் தகாது.

கடல் எவ்வளவு தூரம்

படத்தில் எல்லா ஓட்டலும் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டுதான் நிற்கும். மகள் ஒரு வழி காட்டிக்கொடுத்தாள். கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தைப் போட்டு, அறை இருக்கும் கட்டடத்தில் இருந்து அலை விழும் இடம் வரைக்கும் அளந்து பார்க்கலாம். 60 மீட்டர் என்றால் ராத்திரி அலைச் சத்தம் கேட்கும். 250 மீட்டர் என்றால் நீங்கள் வாங்குவது தோட்டம், கடல் ஓரத்தில் இருக்கிறது அவ்வளவுதான்.

பழைய ஓட்டல்கள் கடலுக்கு நெருக்கமாகவும் புதியவை தள்ளியும் இருப்பதற்குக் காரணம் உண்டு. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் முதலில் வந்தது 1991இல். ஊர்ப்புறக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டில் (கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லை) இருந்து 200 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது என்று வைத்தார்கள். 2019இல் மக்கள் நெருக்கமான இடங்களுக்குத் தளர்த்தினார்கள். அதனால் எந்த வருடம் கட்டிய ஓட்டல் என்று தெரிந்தாலே தூரத்தை ஓரளவு ஊகிக்கலாம். கட்டடம் பழசு, பாத்ரூம் சின்னது, ஆனால் கடல் பக்கத்தில் என்று ஒரு இடம். எல்லாம் பளபள, கடல் எட்டத்தில் என்று இன்னொரு இடம். பாத்ரூம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது, நான் முதல் இடத்துக்குத்தான் போவேன்.

அடுத்து மணல். இது வடசென்னைக்காரனுக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். நம் கரையில் மணல் மொத்தத்தில் தெற்கே இருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே ஒரு சுவர் கட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கடல் கரையைத் தின்னும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகம் கட்டியபிறகு மெரினா அகலமானது இப்படித்தான். எங்கள் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் தேய்ந்ததும் இப்படித்தான். எண்ணூர் விரைவுச்சாலையில் போய்ப் பாருங்கள், சாலைக்கும் கடலுக்கும் நடுவில் கருங்கல்தான் இருக்கிறது. என் தாத்தா வலை காயவைத்த மணல் இப்போது தண்ணீருக்குள். எங்கள் கரையில் ஒரு நட்சத்திர ஓட்டலும் வராததற்குப் புகையும் கன்டெய்னர் லாரியும் மட்டும் காரணமில்லை. கால் வைக்க மணலே இல்லாத கரைக்கு யார் வருவார்கள்? புதுச்சேரியிலும் எண்பதுகளில் துறைமுகம் கட்டிய பிறகு ஊர்க் கடற்கரையில் கல்தான் மிச்சமானது. இப்போது கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்டபிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது.

ஓட்டலுக்குப் பக்கத்தில் தூண்டில் வளைவோ (கடலுக்குள் நீளும் கல் சுவர்) துறைமுகச் சுவரோ இருக்கிறதா, ஓட்டல் அதற்கு வடக்கிலா தெற்கிலா என்று பாருங்கள். ஒட்டி வடக்கில் இருந்தால் "பிரைவேட் பீச்" என்று படத்தில் காட்டியது நீங்கள் போகும்போது இருக்குமா என்று சந்தேகப்படுங்கள். கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் போட்டால் அதே கரையின் பழைய வருடப் படங்களும் வரும். பத்து வருடத்துக்கு முன்பும் இப்போதும் ஒப்பிட்டால் மணல் வளர்கிறதா தேய்கிறதா என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். நான் முதலில் பார்த்தது எங்கள் தெருவைத்தான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது கிடக்கட்டும். "பிரைவேட் பீச்" என்ற வார்த்தைக்கே காசு கொடுக்காதீர்கள். அலை வந்து போகும் மணல் யாருக்கும் தனிச் சொத்து இல்லை, பொதுவானது. ஓட்டல் தரமுடிந்தது தன் வேலியில் ஒரு கதவும், அங்கே ஒரு காவலாளும், காலைக் கழுவ ஒரு குழாயும்தான். அந்தக் கதவை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று கேளுங்கள். பல இடங்களில் ஆறு மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். கோடையில் ஆறு மணிக்குத்தான் மணல் ஆறவே ஆரம்பிக்கும். மணலில் இறங்கவே முடியாத நேரத்தில் மட்டும் திறந்திருக்கிற கடலுக்கு எதற்குக் காசு?

ஒரு ஓட்டலில் கரையில் ஃபைபர் போட்டுகள் நிற்பதற்கும் வலை காய்வதற்கும் மேனேஜர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். "பக்கத்துக் குப்பத்துக்காரங்க சார், சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க." என் வீட்டம்மா என்னைப் பார்த்தாள், நான் கடலைப் பார்த்தேன். படகு நிற்கிற கரை நல்ல கரை என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம். அலையும் பள்ளமும் தெரிந்தவர்கள்தான் அங்கே படகை இழுத்து நிறுத்தியிருக்கிறார்கள். குளிக்கலாமா என்று அவர்களிடம் கேளுங்கள். கிழக்குக் கரை திடீரென்று ஆழமாகும், இழுவை ஜாஸ்தி. சொறி (ஜெல்லி மீன்) ஒதுங்கும் நாளில் இறங்கினால் உடம்பு எரியும். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கால் நனைப்பதோடு சரி. நீச்சல்தான் முக்கியம் என்றால் குளத்தைப் பார்த்து ஓட்டலைத் தேர்ந்தெடுங்கள்.

முகத்துவாரம், உப்பங்கழி ஓரத்து ஓட்டல்கள் வேறு வகை. தண்ணீர் அசையாமல் அழகாக இருக்கும், பறவை வரும், படகு விடுவார்கள். சாயங்காலம் கொசுவும் வரும். தண்ணீர் வடியும் நேரத்தில் சேறு நாறும். ஜன்னலில் வலை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

துரு பொய் சொல்லாது

கடலோரத்தில் ஒரு ஓட்டல் ஒழுங்காக நடக்கிறதா என்று அறிய எனக்கு ஐந்து நிமிடம் போதும். பூங்கொத்தையும் வரவேற்பு ஜூஸையும் விட்டுவிட்டு இரும்பைப் பார்ப்பேன். உப்புக்காற்று ஒருநாளும் ஓய்வெடுக்காது. படகு வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொன்னாலும் 304 கிரேடு கடல் ஓரத்தில் பழுப்பாகத் திட்டுவிழும், 316தான் தாங்கும், அதையும் நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பால்கனிக் கம்பியின் மூட்டு, கதவுக் கீலின் திருகாணி, ஷவர் தலை, ஏசி வெளிப்பெட்டி மாட்டியிருக்கும் தாங்கி, இந்த நாலையும் பாருங்கள். சுவரில் பழுப்பாகக் கோடு வழிந்திருந்தால் யாரும் மாதக்கணக்கில் தொடவில்லை என்று அர்த்தம். பெயின்ட் புதிதாக இருந்து திருகாணி துருவாக இருந்தால் இன்னும் மோசம், மேலே பூசி மறைக்கிறார்கள்.

ரூமுக்குள் போனதும் பெட்டியைப் பிரிக்காதீர்கள். ஏசியை அணைத்துவிட்டு, பால்கனிக் கதவைத் திறந்துவைத்து, பத்து நிமிடம் உட்காருங்கள். இது என் வீட்டம்மா கண்டுபிடித்த சோதனை. கடல் கேட்கிறதா, ஜெனரேட்டர் கேட்கிறதா? உப்புவாடை வருகிறதா, சமையலறைப் புகை வருகிறதா? படுக்கை விரிப்பைத் தொட்டால் ஈரப்பிசுக்கு இருக்கிறதா? பிடிக்கவில்லை என்றால் உடனே கீழே போய் வேறு ரூம் கேளுங்கள். பெட்டியைப் பிரித்து, குளித்து, ஒரு தூக்கமும் போட்டுவிட்டுக் கேட்டால் மாற்ற மாட்டார்கள். மாற்றவும் கூடாது, ஹவுஸ்கீப்பிங் பெண்களுக்கு இரட்டை வேலை.

"சீ வியூ" என்ற சொல்லுக்கு வரையறை எதுவும் இல்லை. போனில் கேட்க வேண்டியது, எந்த மாடி, பால்கனி எந்தப் பக்கம், முன்னால் என்ன இருக்கிறது. அந்த ரூம் பால்கனியில் இருந்து இன்றைக்கு எடுத்த படம் ஒன்று வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்புகிற ஓட்டல்கள் இருக்கின்றன. "சூப்பர் வியூ சார், நேர்ல வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னால் அங்கே தென்னை மரம் இருக்கிறது. நட்சத்திரக் கணக்கையும் இதற்கு நம்பாதீர்கள். அது ஓட்டலில் என்னென்ன வசதி உண்டு என்பதற்கு. உங்கள் ஜன்னலுக்கு யாரும் நட்சத்திரம் கொடுப்பதில்லை.

மீன்

இதைப் பற்றி என்னைப் பேசவிட்டால் நிறுத்த மாட்டேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலோர ஓட்டலில் பாதிப் பேர் மீன் சாப்பிடத்தான் போகிறார்கள். கடல் பக்கத்தில் இருப்பதால் மீன் அங்கேயே பிடித்தது என்று ஒரு நம்பிக்கை. பெரும்பாலும் அது என்னைப் போன்றவன் வண்டியில் ஊரைச் சுற்றி வந்தது. அதில் தப்பில்லை, நல்ல ஐஸில் வந்தால் நல்ல மீன்தான். ஆனால் "இன்னிக்குப் பிடிச்சது" என்று சொல்லி இரண்டு பங்கு விலை போட்டால் அப்போது கேள்வி கேட்க வேண்டும். பெரிய விசைப்படகுகள் கடலிலேயே ஒரு வாரம், பத்து நாள் தங்கிப் பிடிக்கின்றன. அந்த மீன் கரைக்கு வரும்போதே வயது ஆகியிருக்கும். அன்றைக்குப் போய் அன்றைக்கே திரும்புவது ஃபைபர் போட். ஆகவே "ஃபிரெஷ்ஷா?" என்று கேட்பதில் பலனில்லை, யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. "ஃபைபர் போட் மீனா, பெரிய போட் மீனா?" என்று கேளுங்கள். பரிமாறுபவர் விழித்துவிட்டு உள்ளே போய் செஃப்பைக் கூட்டிவந்தால் அந்தச் சமையலறையை நம்பலாம். விழிக்காமல் "எல்லாம் ஃபிரெஷ் சார்" என்றால் பருப்பு சொல்லுங்கள்.

காலண்டரையும் பாருங்கள். ஏப்ரல் 15இல் இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. ஃபைபர் போட் மீன் கொஞ்சம் வரும், மற்றது மேற்குக் கரையில் இருந்து லாரியில் வரும், அல்லது ஃபிரீசரில் இருந்து வரும். ஜூன் இரண்டாம் வாரத்தில் இரண்டு கரையிலும் தடை. அப்போது மெனுவில் பெரிய வஞ்சிரமும் வவ்வாலும் குறையாமல் இருந்தால் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் கடல் மீன் விருந்துக்காக ஓட்டலுக்குப் போவதே வீண்.

மீனை முழுசாகக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். கண் பிதுங்கித் தெளிவாக இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் குழி விழக்கூடாது. தோலும் முள்ளும் எடுத்த வெள்ளைத் துண்டாக வந்தால் அது வியட்நாம் பாஸாவாகவும் இருக்கலாம், சாஸுக்கு அடியில் எல்லாம் ஒன்றுதான். நான் ஓட்டலில் வஞ்சிரம் சாப்பிடுவதில்லை. சங்கரா, காரப்பொடி, நெத்திலி என்று விலை குறைந்த மீன் மெனுவில் இருந்தால் அதைச் சொல்வேன். விலை குறைந்த மீனை ஃபிரீசரில் வைத்துக் காப்பாற்ற யாருக்கும் பொறுமை கிடையாது, வந்த சூட்டில் தீர்ந்துவிடும்.

எங்களுக்குப் பிடித்த அந்த ஒரு ஓட்டலில், இரண்டாம் தடவை போனபோது, செஃப்பிடம் நான் யார் என்று சொல்லாமலே "ஸ்டாஃப் மெஸ்ல இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டேன். நெத்திலி என்றார். அது கிடைக்குமா என்றேன். சிரித்துவிட்டு இரண்டு கிண்ணம் அனுப்பினார். மாங்காய் போட்ட குழம்பு. இருபத்திரண்டு வருடமாகப் பின்வாசலில் எனக்கு மோப்பம் மட்டும் கிடைத்துக்கொண்டிருந்த குழம்பு அது. ஊழியர்களுக்கு நன்றாகச் சமைக்கிற இடத்தில் விருந்தாளிக்குக் கெட்டது வராது என்பது என் அனுபவம். இன்னொன்றும் உண்டு. அடுத்த வருடம் போகும்போது அதே முகங்கள் இருக்க வேண்டும். வாசல் காவலாளி மாறவில்லை என்றால் சம்பளம் ஒழுங்காகப் போகிறது.

எப்போது போவது

சனிக்கிழமை ராத்திரி போகாதீர்கள், அன்றைக்குத்தான் வாடகை உச்சத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அதே ரூம் பல இடங்களில் நன்றாக இறங்கிவிடும். எங்களுக்கு ஞாயிறு காலை வியாபாரம் உயிர், மதியம் குளித்துவிட்டுக் கிளம்பினால் மூன்று மணிக்கு அங்கே. எங்கள் தொழிலுக்கு இது தானாகவே அமைந்துவிட்டது. மற்றவர்கள் திங்கள் ஒரு லீவு போட வேண்டும், அவ்வளவுதான்.

சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் முகூர்த்த நாளைப் பாருங்கள். புல்வெளி இருக்கிற கடலோர ஓட்டல் எல்லாம் கல்யாண மண்டபம்தான். முதல் தடவை நான் மாட்டியது அப்படித்தான். ஆடியில் கல்யாணம் கிடையாது. மார்கழியிலும் கிடையாது, ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று வாடகையை ஏற்றிவிடுவார்கள். அதனால் ஆடிதான் என் கட்சி. மீன்பிடித் தடை முடிந்து மீனும் வர ஆரம்பித்திருக்கும். மேல்காற்று அடிக்கும், ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அது. ஆனால் கடலைப் பார்த்த பால்கனி கிழக்குப் பார்த்தது, கட்டடமே காற்றை மறைத்துக்கொள்ளும். வெயிலும் மதியத்துக்கு மேல் பின்பக்கம் போய்விடும், மூன்று மணிக்கு நீங்கள் போய் உட்காரும்போது நிழல்.

அப்புறம் பௌர்ணமி. இதை ஓட்டல்காரர் யாரும் சொல்வதில்லை, வாடகையிலும் சேர்ப்பதில்லை. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலா கடலில் இருந்து எழும்பும். முதலில் செம்மண் கலரில் பெரிதாக, அப்புறம் மஞ்சளாக, அப்புறம் தண்ணீரில் நம் கால் வரைக்கும் ஒரு வெள்ளிப் பாதை போட்டுவிடும். மறுநாள் போனால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாமதம், அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இருட்டில் வரும். பௌர்ணமிக்கு ஒரு ராத்திரி தங்கினால் சாயங்காலம் நிலா, காலையில் சூரியன் (ஆடியில் ஆறு மணிக்குச் சற்று முன்னால்), இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். நண்டு மட்டும் அன்றைக்குச் சொல்லாதீர்கள். அமாவாசை நண்டில்தான் சதை இருக்கும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நிலாவா நண்டா என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

வாடகையை புக்கிங் ஆப்பில் பார்த்துவிட்டு ஓட்டலுக்கே போன் செய்யுங்கள். ஆப்புக்குக் கமிஷன் போவது அவர்களுக்கும் வலிக்கும். விலையைக் குறைக்கச் சொல்லாமல், அதே விலைக்கு மேல்மாடியும் மதியம் ஒரு மணி வரைக்கும் ரூமும் கேளுங்கள். காசைக் குறைக்க மேனேஜரைக் கேட்க வேண்டும், நேரத்தைக் கூட்டிக் கொடுக்க போன் எடுப்பவருக்கே அதிகாரம் இருக்கும். ஏலத்தில் நாங்கள் செய்வதும் இதுதான். கூடை விலை இறங்காது என்று தெரிந்தால் மேலே நாலு மீன் போடச் சொல்வோம்.

போன வருடம் ஆடிப் பௌர்ணமிக்கு மூன்றாம் தடவையாக அந்த ஓட்டலுக்கே போனோம். காலையில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன், எனக்கு அது கிடைக்காத பாக்கியம். வீட்டம்மா சூரியனைப் பார்த்துவிட்டு மணலில் இறங்கியிருக்கிறாள். குப்பத்து ஃபைபர் போட் கரையேறிக்கொண்டிருந்திருக்கிறது. சும்மா இருப்பாளா? பேரம் பேசி மூன்று கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு, ஈரக்காலோடு, பையில் மீன் சொட்டச் சொட்ட ரிசப்ஷன் வழியாக வந்து நின்றாள். கோட் போட்ட பையன் ஒரு நிமிடம் பார்த்தான். அப்புறம் பையை வாங்கி உள்ளே அனுப்பினான். பதினோரு மணிக்குக் கிளம்பும்போது மீன் ஒரு தெர்மகோல் பெட்டியில் வந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். அடியில் ஒரு அடுக்கு ஐஸ், நடுவில் மீன், மேலே ஒரு அடுக்கு ஐஸ், நான் போடுவது மாதிரியே. பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஐஸுக்குக் காசு போடவில்லை.